மனைவியின் பெயர் 'மேரி டூ'! பழைய சென்சஸ் பிழைகள் வெறும் காமெடி மட்டும்தானா?

இங்கிலாந்தில் 1881-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் தன் முன்னோரைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜான் ஸ்மித் என்ற கொள்ளுத்தாத்தா உடனே கிடைத்துவிடுகிறார். அதே வீட்டில் மனைவி மேரி, பிள்ளைகள் வில்லியம், எலிசபெத் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால், அவர்களின் குடும்பப் பெயர் மட்டும் ஸ்மித் இல்லை. மேரி டூ, வில்லியம் டூ, எலிசபெத் டூ!

அப்பா ஒரு குடும்பம், மனைவியும் மக்களும் வேறு குடும்பமா? மர்மம் எதுவும் இல்லை. வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர், 'மேலே உள்ளதேதான்' என்று சொல்ல 'டிட்டோ' என்ற சொல்லை டி, ஓ என இரண்டே எழுத்தாகச் சுருக்கி எழுதியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், அதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு புது வம்சமே பிறந்துவிட்டது.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் மத்தியில் இப்படிப்பட்ட பிழைகள் ரொம்பப் பிரபலம். ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால், ஒரு எழுத்துப் பிழையால் ஒரு மனிதரே பட்டியலிலிருந்து காணாமல் போகும்போது அது காமெடியாக இருப்பதில்லை. அந்தப் பிழைகள் எப்படி வருகின்றன, அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பது இன்றைய இந்தியாவுக்கும் தேவையான கேள்வி.

ஒரு பெயர் எத்தனை கை மாறுகிறது?

பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ் எடுக்கப்படுகிறது. ஆனால், நாடு முழுக்க ஒவ்வொருவர் பெயரையும் எழுதியது 1841-ல்தான். அன்று முதல் ஒரு பெயர் போன பாதையைப் பார்த்தால், பிழை வந்ததில் ஆச்சரியமே இல்லை.

முதலில், வீட்டுக்கு ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. குடும்பத் தலைவர் அதை நிரப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில், வாயால் சொன்னதைக் கணக்கெடுப்பாளரே எழுதிக்கொண்டார். பிறகு எல்லாப் படிவங்களையும் பார்த்து அவர் ஒரு பெரிய புத்தகத்தில் படியெடுத்தார். 1841-ல் இந்தப் புத்தகங்கள் பென்சிலால் எழுதப்பட்டன. இன்று ஆய்வாளர்கள் பார்ப்பது இந்தப் புத்தகங்களைத்தான். 1841 முதல் 1901 வரை வீடுகளில் நிரப்பிய மூலப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. குடும்பத் தலைவரின் சொந்தக் கையெழுத்தை இங்கிலாந்தில் பரவலாகப் பார்க்க முடிவது 1911 சென்சஸிலிருந்துதான்.

புத்தகங்கள் லண்டன் போனதும், அங்கிருந்த எழுத்தர்கள் வயதையும் தொழிலையும் எண்ணி முடித்ததற்கு அடையாளமாக எழுத்துகள் மேலேயே கோடு போட்டார்கள். 3 என்பது 8 போலத் தெரிவதற்கு அந்த ஒரு கோடு போதும். அதன் பிறகு மைக்ரோஃபிலிம். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர். கடைசியாக, தேடுபவர் முன்னால் இருக்கும் தேடல் பெட்டி.

ஆக, சொன்னவர், கேட்டவர், படியெடுத்தவர், கோடு போட்டவர், படம் பிடித்தவர், தட்டச்சு செய்தவர் என ஒரு பெயர் ஐந்தாறு கை மாறித்தான் மொபைல் திரைக்கு வருகிறது. எந்தக் கையில் வேண்டுமானாலும் அது வழுக்கலாம்.

மூன்று வயதில் 'அறிஞர்'

பிழைகளிலும் ரகம் ரகமாக உண்டு.

முதல் ரகம், எழுத்து வடிவத்தால் வருவது. பழைய ஆங்கிலக் கையெழுத்தில், இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை நீளமாக, எஃப் போல வளைத்து எழுதும் பழக்கம் இருந்தது. அதனால் 'ராஸ்' என்பவர் 'ராஃப்ஸ்' ஆனார். 'ஜெஸ்ஸி' என்ற பெண்ணின் இரண்டு எஸ்ஸும் சேர்ந்து ஒரே 'பி' போலத் தெரிந்து, அவர் 'ஜெப்பி' ஆனார். எல், எஸ் இரண்டும் பெரிய எழுத்தில் ஒன்று போலவே இருக்கும். டி, எஃப் குழப்பம், என், யூ குழப்பம் எல்லாம் தினசரிக் கதை.

இரண்டாவது ரகம், காதில் விழுந்ததால் வருவது. லண்டன் பேச்சு வழக்கில் முதல் 'ஹ' பல நேரம் காணாமல் போகும். 'ஹாரிஸ்' என்று சொன்னது 'ஆரிஸ்' என்று விழும். அட்டவணையில் அவர் எச் வரிசையில் இல்லாமல் ஏ வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது ரகம், சுருக்கத்தால் வருவது. டிட்டோ கதை இந்த ரகம்தான். கைக்குழந்தையின் வயதை மாதத்தில் எழுதியிருப்பார்கள். படியெடுத்தவர் மாதத்தைக் கவனிக்காமல் விட்டால், மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று வயதாகிவிடும். அமெரிக்காவில் 3/12 என்று பின்னமாக எழுதுவார்கள். பன்னிரண்டில் மூன்று பங்கு, அதாவது மூன்று மாதம். கீழே உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு 12 வயது!

நான்காவது ரகத்தில், உண்மையில் பிழையே இருக்காது. படிப்பவர்தான் ஏமாறுவார். பிரிட்டிஷ் சென்சஸில் பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் தொழில் பத்தியில் 'ஸ்காலர்' என்று எழுதினார்கள். 'எங்க கொள்ளுத்தாத்தா சின்ன வயசுலயே அறிஞராம்' என்று பெருமைப்படும் பேரன், அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அறிஞர்கள்தான் என்பதைப் பிறகுதான் கவனிப்பார். அதேபோல, 1841-ல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லி உத்தரவு. 39 வயதுக்காரரும் 35, 36 வயதுக்காரரும் 35. அதைப் பிழை என்று நினைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டால், குடும்ப மரம் சாய்ந்துவிடும்.

படியெடுத்தவர்களைத் திட்டலாமா?

எளிதில் திட்டலாம். ஆனால், அது நியாயமில்லை. 1881 பிரிட்டிஷ் சென்சஸைப் படியெடுத்தது பெரும்பாலும் தன்னார்வலர்கள். சம்பளம் இல்லாமல், மங்கலான நகல்களைப் பார்த்து, வருடக்கணக்கில் எழுதினார்கள். அமெரிக்காவின் 1940 சென்சஸ் 2012 ஏப்ரலில் வெளியானபோது, 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து சுமார் 13.2 கோடிப் பெயர்களை சில மாதங்களிலேயே ஏற்றி முடித்தார்கள். நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட, 13 லட்சம் பெயர்கள் மாறிப்போகும். அது அலட்சியம் இல்லை, எண்ணிக்கையின் விளைவு.

சரி, இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் 1950 சென்சஸ் வெளியானபோது, தேசிய ஆவணக் காப்பகம் பெயர் அட்டவணையின் முதல் வடிவத்தை இயந்திரத்தை வைத்துத்தான் தயாரித்தது. சுமார் 15 கோடிப் பேரின் கையெழுத்துப் பதிவுகள். கூடவே, பொதுமக்கள் சரியான பெயரை எழுதிச் சேர்க்கவும் வசதி செய்தது. இயந்திரம் வேகமாகப் படிக்கும். ஆனால், 'இது எங்க பாட்டி பெயர், இப்படித்தான் சொல்வாங்க' என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். காப்பகம் அதைப் புரிந்துகொண்டு கதவைத் திறந்து வைத்தது. இந்த விஷயத்தில் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அதுதான்.

கவுண்டர் எப்படி 'கோவெண்டர்' ஆனார்?

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்மித், ஹாரிஸ் கதை. எழுதியவருக்கும் சொன்னவருக்கும் ஒரே மொழி. இருவருக்கும் வேறு வேறு மொழி என்றால்?

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். பெரும்பாலானோர் சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. இது சென்சஸ் இல்லை, கப்பல் பட்டியல். ஆனால், அங்கே பிறந்த சந்ததிக்கு முன்னோரைத் தேட இதுதான் வாசல்.

அந்த வாசலில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். நாயக்கர் 'நைக்கர்', படையாச்சி 'படயாச்சீ'. இன்று தென்னாப்பிரிக்காவில் இவை பெருமையோடு வைத்துக்கொள்ளும் குடும்பப் பெயர்கள். அவற்றைப் பிழை என்று யாரும் திருத்த வேண்டியதில்லை, திருத்தவும் கூடாது.

ஆனால், தேடும்போது சிக்கல் வருகிறது. உச்சரிப்பு ஒன்றாகவும் எழுத்துக்கூட்டல் வேறாகவும் உள்ள பெயர்களைச் சேர்த்துப் பிடிக்க, அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்ற முறை 'சவுண்டெக்ஸ்'. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளை விட்டுவிடும். ஒலியில் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் தரும். ஸ்மித் என்றாலும் ஸ்மைத் என்றாலும் எஸ்530 என்றே வரும். அமெரிக்கச் சென்சஸ் அட்டவணைகள் 1930-களில் இந்த முறையில்தான் தயாராயின.

இதே முறையில் தமிழ்ப் பெயரைப் போட்டுப் பார்ப்போம். 'கே' எழுத்தில் தொடங்கி கவுண்டர் என்று எழுதினால் கே153. கோவெண்டர் என்றால் ஜி153. மூன்று எண்களும் அச்சு அசலாக ஒன்று. முதல் எழுத்து மட்டும் வேறு. தமிழில் ஒரே 'க', ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. அதனால் ஒரே குடும்பம் இரண்டு பெட்டிகளில் போய் விழுகிறது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த கருவி, வேறு மொழிக்காரரைத் தேடும்போது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஊர்ப் பெயர் கதை இன்னும் மோசம். திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாபோலி', தரங்கம்பாடி 'ட்ரங்குபார்' என்பதெல்லாம் தெரிந்த ஊர்கள் என்பதால் பிழைத்துக்கொண்டன. நாற்பது வீடு உள்ள ஒரு குக்கிராமத்தின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தால்? அந்த ஊரிலிருந்து போனவரின் ஐந்தாம் தலைமுறைப் பேத்தி, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டும் ஊர் தெரியாமல் நிற்பார்.

இது வெறும் பாசம் சார்ந்த தேடல் மட்டுமில்லை. 2024 மார்ச்சில் மொரிஷியஸ் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, அங்குள்ள ஏழாவது தலைமுறை இந்திய வம்சாவளியினரும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை பெறச் சிறப்பு ஏற்பாடு செய்யப்படும் என்று அறிவித்தார். ஏழு தலைமுறை பின்னால் போக வேண்டும் என்றால், மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கும் பழைய குடியேற்றப் பதிவுகள் வரைக்கும் போக வேண்டும். அங்கே ஒரு எழுத்து மாறியிருந்தால், உரிமைக்கும் ஆளுக்கும் நடுவில் அந்த எழுத்து வந்து நிற்கும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

பிரிட்டன் 100 ஆண்டுகளுக்குப் பிறகு சென்சஸ் பதிவுகளைத் திறக்கிறது. அமெரிக்கா 72 ஆண்டுகளுக்குப் பிறகு. இந்தியாவில் 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டப்படி தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது. 1881 சென்சஸில் நம் ஊர்க் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட முடியாது. கிடைப்பதெல்லாம் மொத்த எண்ணிக்கையும் அறிக்கைகளும்தான். சாதியும் மதமும் சேர்ந்த விவரங்கள் என்பதால் அந்த ரகசியத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது.

அதற்காக, எழுத்துக்கூட்டல் சிக்கல் நமக்கு இல்லை என்று அர்த்தமில்லை. 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு பற்றி மத்திய அரசு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு இது: 1931 சென்சஸில் இருந்த சாதிகள் 4,147. 2011 கணக்கெடுப்பில் வந்த சாதிப் பெயர்கள் 46 லட்சத்துக்கும் மேல்! எண்பது ஆண்டுகளில் அத்தனை சாதிகள் முளைக்கவில்லை. ஒரே பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதியதும், உட்பிரிவு, குலம், பட்டப்பெயர் எல்லாம் கலந்து பதிவானதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அந்தச் சாதித் தரவு வெளியாகவே இல்லை. மேரி டூ விஷயத்தில் தொலைந்தது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். இங்கே தொலைந்தது ஒரு நாட்டின் கணக்கு.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பல வீடுகளில் 2002, 2005 பட்டியல்களில் அம்மா அப்பா பெயரைத் தேடினார்கள். இனிஷியல் மாறிய பெயர், கூப்பிடும் பெயரிலேயே பதிவான பாட்டி, 'ள' போட வேண்டிய இடத்தில் 'ல' என்று தேடியவர்களுக்கு லண்டன் கதை ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

அடுத்து 2027 சென்சஸ் வருகிறது. டிஜிட்டல் முறையில், சாதி விவரத்தோடு, 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டு. கையெழுத்துப் பிழை போய்விடும், உண்மைதான். ஆனால், வேறு பிழைகள் வரும். பட்டியலில் பக்கத்துப் பெயரை விரல் தொட்டுவிடலாம். ஆட்டோகரெக்ட் தன் வேலையைக் காட்டலாம். காகிதத்தில் அடித்து எழுதியது தெரியும்; திரையில் மாற்றியது தெரியாது. பழைய பிழைக்காவது ஒரு தடயம் இருந்தது.

தமிழ் ஏற்கெனவே சொன்ன வழி

பிழையை என்ன செய்வது? இரண்டு தவறான பழக்கங்கள் உண்டு. ஒன்று, அட்டவணையில் இருப்பதே வேதம் என்று நம்புவது. மற்றொன்று, 'இது தப்பு' என்று முடிவு செய்து பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. திருத்துபவரும் தவறலாம். பழையதும் போய்விட்டால், சரிபார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது தமிழுக்குப் புதிதில்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும். படியெடுத்தவர்களால் சுவடிக்குச் சுவடி சொல் மாறும். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு, தங்களுக்குச் சரியென்று பட்டதை மூலத்தில் வைத்தார்கள். மற்றதைத் தூக்கிப் போடாமல் பாடபேதம் என்று கீழே கொடுக்கும் மரபும் வளர்ந்தது. அடுத்து வருபவர் தானே பார்த்து முடிவு செய்யட்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

குடும்ப ஆவணத்துக்கும் அதே முறைதான் சரி. பட்டியலில் 'மேரி டூ' என்று இருந்தால், அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் 'மேரி ஸ்மித்' என்று சேர்க்கட்டும். யார், எதைப் பார்த்துச் சேர்த்தார் என்பதும் இருக்கட்டும். மூலப் பக்கத்தின் படம் கூடவே இருக்கட்டும். அரசு அலுவலகப் பதிவுகளுக்கும் இது பொருந்தும். பெயரைத் திருத்த மனு கொடுத்தால், பழைய வடிவத்தையும் தேடலில் காட்டும் ஏற்பாடு வேண்டும். அப்போதுதான் பழைய பட்டாவில் உள்ளவரும் புதிய ஆதாரில் உள்ளவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒருவர் அலைய வேண்டியிருக்காது.

தேடுபவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. குடும்பப் பெயர் கிடைக்கவில்லையா? அதை விட்டுவிட்டு, முதல் பெயர், பிறந்த ஊர், வயதில் இரண்டு மூன்று முன்பின் என்று தேடலாம். அரிதான பெயருள்ள பிள்ளையை வைத்துப் பெற்றோரைப் பிடிக்கலாம். அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தைத் திறந்து, அதே கையெழுத்தில் மற்ற எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடலாம். தெருவைத் தெரிந்தால், பக்கத்து வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போகலாம்.

எல்லாவற்றையும்விட எளிதான வேலை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 1890 சென்சஸ் 1921-ல் தீயில் பெரும்பகுதி போனது. இங்கிலாந்தின் 1931 சென்சஸ் 1942-ல் தீயில் முழுதாகப் போனது. காகிதத்துக்கே அந்தக் கதி என்றால், யாரும் எழுதி வைக்காத பாட்டியின் ஞாபகத்துக்கு என்ன உத்தரவாதம்? அவருடைய அம்மாவின் பெயர், பிறந்த ஊர், வீட்டில் கூப்பிட்ட பெயர், சான்றிதழில் இருக்கும் பெயர் எல்லாவற்றையும் அவர் சொல்லும்போதே தமிழில் எழுதி, எழுதிய தேதியையும் போட்டு வைக்கலாம். பதினைந்து நிமிட வேலைதான்.